மூன்றாவது பங்கு

குண்டூசிக்கு வயது பத்து. ஒல்லியாக இருந்ததால் அம்மா வைத்த செல்லப்பெயர் அது. அம்மா இறந்த எட்டு மாதத்தில் குண்டூசியின் சட்டைகள் எல்லாம் இறுக்கமாகிவிட்டன. வகுப்பில் ‘ஊசி’யைக் கழற்றிவிட்டு மிச்சத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பொல்லாத பிள்ளைகள்!

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் அவர் படியேறித்தானே ஆக வேண்டும்? ஒரு நாள் நான்காம் மாடியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவர் அவரை எடை பார்த்தார்.

“எட்டு மாசத்துல பதினாலு கிலோவா? இப்படியே போனா இதயம் தாங்காதுங்க.”

பக்கத்தில் நின்ற குண்டூசி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா போனது போதாதா?

அவர்கள் வீட்டில் இன்னமும் மூன்று டம்ளர் அரிசிதான் வேகும். அம்மாவின் பங்கைக் குறைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. வெந்த சோற்றைக் கொட்டவும் மனம் வரவில்லை. அந்தப் பங்கில் அப்பா முக்கால், அவள் கால் என்று தின்று தீர்ப்பார்கள். அம்மாவைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள்.

மறுநாள் மாலை குண்டூசியே குக்கரில் அரிசி போட்டாள். மூன்றாவது டம்ளரையும் அள்ளினாள். அதைத் திரும்பவும் டப்பாவிலேயே கொட்டினாள்.

அப்பா வந்து குக்கரைத் திறந்தார்.

“என்ன இது? சோறு குறையுதே?”

“ரெண்டு பேருக்குத்தான் வச்சேம்ப்பா.”

அப்பாவின் முகம் சிவந்தது. “அதுக்குள்ள அம்மாவ மறந்துட்டியா? அவ பங்கு எங்கே?”

அவள் விடவில்லை.

“அம்மா பங்கையும் சாப்பிட்டுச் சாப்பிட்டு நீங்களும் போயிட்டா, அப்புறம் நான் ஒரு டம்ளர்தானேப்பா போடணும்?”

அப்பா மூடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஒருவழியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“சோறு குழைஞ்சுபோச்சு,” என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சியபடி.

“அம்மா முதல் தடவை சமைச்சப்ப எப்படி இருந்துச்சு?”

“அதையேன் கேக்கற! அடிப்பிடிச்சு ஒரே புகை. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணியோட ஓடி வந்துட்டார்.”

குண்டூசி களுக்கென்று சிரித்துவிட்டாள். “அப்புறம்?”

“அவரையே சாப்பிட உக்கார வச்சுட்டா, உங்கம்மா!”

குக்கர் காலியாகிவிட்டது. அம்மாவைப் பற்றிய பேச்சு மட்டும் முடியவேயில்லை.