முப்பத்தேழு டிகிரி

முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருந்த கணினி சூடாகவில்லை என்பதே காளீஸ்வரியின் முதல் சந்தேகம். காலையில் அதன் ப்ராசஸர் தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொட்டு, இருமுறை தானாகவே அணைந்திருந்தது. செக்காலையிலிருந்து வந்த மெக்கானிக் வேல்பாண்டி, குளிர்விக்கும் நீர் வற்றிப் பாசி பிடித்திருப்பதைக் கண்டு, குழாய்களைக் கழுவிப் புதுநீர் நிரப்பிவிட்டுப் போனான். இப்போது திரையின் ஓரத்தில் முப்பத்தேழு. வேலை கொடுக்குமுன் முப்பத்தேழு. கொடுத்த பின்னும் முப்பத்தேழு.

கோட்டையூரில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றை விடுதியாக்குகிறார்கள். அது எப்படியிருக்கும் என்று காட்டும் படத்தை மாலை ஆறு மணிக்குள் அவள் அனுப்பியாக வேண்டும். தவறினால், சம்பள வேலையை உதறிவிட்டு மூன்று மாதம் உழைத்தது வீண். வாய்ப்பு மதுரைக்காரர் ஒருவர் கைக்குப் போய்விடும். மணி மூன்றரை. கணினி படத்தை நாற்பது விழுக்காடு வரைந்திருந்தது.

நீர் ஓடுகிறதா என்று அறிய, வேல்பாண்டி சொல்லிக்கொடுத்தபடி, மேசைமேல் திறந்து கிடந்த பெட்டிக்குள் கைவிட்டுக் குழாயை உள்ளங்கையில் பற்றினாள். பம்பின் சீரான அதிர்வை எதிர்பார்த்த கையில், விட்டுவிட்டு வரும் துடிப்பொன்று தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக, மென்மையாக, உறங்கும் குழந்தையின் கழுத்தைத் தொட்டதைப் போல. பெட்டிக்குள்ளிருந்து செம்பும் ஈரமண்ணும் கலந்த வாடை எழுந்தது.

மறுகையால் வேல்பாண்டியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“என்ன தண்ணிய்யா ஊத்துன?”

“கூலன்ட் வர மூணு நாளாகும்க்கா. அதான் மழத்தண்ணி ஊத்துனேன். எங்க இன்வெர்ட்டர் பேட்டரிக்கே அதத்தான் ஊத்துறோம், அஞ்சு வருசமா முனகாம ஓடுது. நீங்க என்னமோ வெசம் வச்சமாதிரி கேக்குறீகளே!”

“எங்க புடிச்ச?”

“நீங்க படம் போடுறீகளே, அந்தக் கோட்டையூர் வீட்லதான். நேத்து கேமரா மாட்டப் போனேன். முத்தத்துல செம்புக் கிடாரம் நெறஞ்சு கெடந்துச்சு. மூடியத் தூக்கத்தான் ரெண்டாளு வேண்டியிருந்துச்சு. மேல கல்லு ஏத்தி வச்சிருந்தாக.”

“கல்லு வச்சு மூடுன கிடாரத்துக்குள்ள மழ எப்புடிய்யா பெஞ்சுச்சு?”

மறுமுனையில் ஒரு சிரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றது.

“அக்கா... மெசின அமத்துங்க. வெளியூர்ல இருக்கேன், இந்தா கெளம்பி வாரேன்.”

அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். அதுவரை தானாகவே நின்ற எண் இப்போது ஏறியது. நாற்பத்தைந்து. எழுபது. தொண்ணூற்றொன்று. இன்னொரு முறை அணைந்தால் எல்லாம் முதலிலிருந்து. மீண்டும் பற்றினாள்.

முப்பத்தேழு.

எடுத்தாள், ஏறியது. பற்றினாள், இறங்கியது.

நிறுத்திவிடலாம். ஆனால் மணி நான்கு. ஐம்பத்திரண்டு விழுக்காடு. பற்றியபடியே அமர்ந்திருந்தாள். விரல் நுனிகள் சில்லிட்டன. மின்விசிறிக் காற்று என்று எண்ணிக்கொண்டாள். பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. குழாய் மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

ஐந்து நாற்பதுக்குப் படம் முடிந்தது. அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

கணினியை அணைத்தாள். சுவரிலிருந்து வயரையும் பிடுங்கினாள். விசிறிகள் சுழன்று, தளர்ந்து, நின்றன.

குழாய் துடித்தது.

வாசலில் வேல்பாண்டியின் வண்டிச் சத்தம். அவனைக் கூப்பிட வாய் திறந்தாள். மூச்சு எழவில்லை.

இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

கழுத்தில். நெஞ்சில்.

ஒன்றுமில்லை.

அச்சம் மெல்ல மேலேறி வந்தது. அது வர வர, மேசைமேல் அந்தக் குழாய் வேகமாக, மேலும் வேகமாக அடித்துக்கொண்டது.