பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

"இதுல எதுக்கு உங்க பேரை ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று அன்றைக்கு சைலஸ் கேட்டான்.

"பாத்திரம் வீட்டுக்குத் திரும்பி வரணும்ல, அதுக்குத்தான்" என்றாள் கோரா. "ஊர் விருந்துக்கு எல்லாரும் எடுத்துட்டுப் போவாங்க. கடைசில எது யாரோடதுன்னு தெரியாது. திருப்பிப் பாத்தா பேர் இருக்கும். கொண்டாந்து குடுத்துடுவாங்க."

"பேர் இல்லைன்னா?"

"ஊர் ஹால்ல ஒரு அலமாரி இருக்கு. அதுல கெடக்க வேண்டியதுதான். ஒரு மஞ்சக் கிண்ணம் மூணு வருஷமா கெடக்கு. யாருமே கேட்டு வரல."

சைலஸ் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவினான். 'லோர்னா, கோரா' என்று அதில் எழுதியிருந்தது. அவன் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

அது ஏப்ரல் மாதம். கோராவின் அம்மா லோர்னாவும் சைலஸின் அப்பா எவரெட்டும் கல்யாணம் செய்துகொண்ட வாரம். பதினோரு வயது கோராவுக்கு எட்டு வயதுத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்திருந்தான். அவனோடு இரண்டு பைகளும், மீன் இல்லாத ஒரு மீன்தொட்டியும் வந்தன. மூன்று வருடத்தில் அவனுக்கு இது நான்காவது வீடு. ஒரு பையை அவன் இன்னும் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தான்.

இப்போது ஆகஸ்ட். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் ஆகஸ்ட் என்றால் புளூபெர்ரிப் பழம்தான். மேட்டு நிலம் முழுக்க முழங்கால் உயரச் செடிகள். பெரியவர்கள் குனிந்து, சீப்பு போன்ற இரும்பு முறங்களால் பழத்தை வாரி எடுப்பார்கள். அறுவடை முடியும் சனிக்கிழமை ஊர் ஹாலில் விருந்து. வீட்டுக்கு ஒரு காப்ளர் போயாக வேண்டும். பழமும் மாவும் சேர்ந்து வெந்து, மேலே பொன்னிறமாக உப்பி, கீழே ஊதாச் சாறு கொதிக்கும் இனிப்பு அது.

இந்த வருடம் அம்மாதான் விருந்துக்குப் பொறுப்பு. காலையிலேயே ஹாலுக்குப் போய்விட்டாள்.

"காப்ளரை நான் பாத்துக்கிறேன்மா" என்று கோரா சொல்லியிருந்தாள்.

"தனியாவா?"

"பெட்டி மாவுதானேம்மா. பால், சக்கரை, வெண்ணெய். அவ்வளவுதான். பெட்டி முதுகுலயே எல்லாம் போட்டிருக்கு."

அம்மா சம்மதித்துவிட்டாள். கோரா முதல்முறையாகத் தானே செய்து ஊருக்கு முன்னால் வைக்கப்போகிறாள். அதை நினைத்து வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

முதல் வேலை பழத்தைச் சுத்தம் செய்வது. சாய்த்து வைத்த பலகையில் ஈரத்துண்டை விரித்து, மேலிருந்து பழத்தை உருட்டிவிட வேண்டும். இலையும் குச்சியும் துண்டில் ஒட்டிக்கொள்ளும், பழம் மட்டும் கீழே வாளிக்குள் விழும். சைலஸ் மேலே நின்று உருட்டினான். கோரா கீழே வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா உருட்டுடா. இதென்ன ஓட்டப் பந்தயமா?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா ஓடுது."

"அப்ப உன் வாய்க்குள்ள ஓடினது?"

சைலஸ் வாயை இறுக மூடிக்கொண்டான். உதடு முழுக்க ஊதா நிறம்.

நாளைக் காலைக்கு என்று ஒரு கோப்பைப் பழத்தை அவன் தனியே எடுத்து வைத்தான். அவன் பாலில் போட்டுச் சாப்பிடுவதற்கு.

கோரா பாத்திரத்தின் அடியிலிருந்த பழைய டேப்பை உரித்தெடுத்தாள். உள்ளே வெண்ணெயைப் போட்டு ஓவனில் உருக்கினாள். மாவு, சர்க்கரை, பால் மூன்றையும் கலந்து உருகிய வெண்ணெய்மேல் ஊற்றினாள். அதன்மேல் பழத்தைப் பரப்பினாள். பிறகு, சிதறிய பழத்தைப் பொறுக்கிக் கோழிகளுக்குப் போடக் கொல்லைப்பக்கம் போனாள். இரண்டே நிமிடம்தான்.

திரும்பி வந்தபோது சைலஸ் முக்காலிமேல் நின்று, பெரிய மரக்கரண்டியால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். நசுங்கிய பழமும் மாவும் ஒன்றாகிச் சாம்பல் நிறத்தில் கிடந்தன.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"கலக்கி விட்டேன்."

கோரா பெட்டியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "கி... ளற... வேண்டாம்." அடுத்த நொடியே அவன் முகம் வெளுத்தது.

"மாவு கீழ இருக்கணும், பழம் மேல இருக்கணும்டா. வேகும்போது மாவு தானா மேல ஏறி வரும். அதுதான் காப்ளர். இப்ப இது வெறும் சேறு. வேற மாவும் கெடயாது."

"வெண்ணெய் ஓரத்துல மஞ்சளா மிதந்துச்சு" என்றான் சைலஸ் கரண்டியைப் பார்த்துக்கொண்டே. "நீ கலக்க மறந்துட்டேன்னு நெனச்சேன். எல்லாரும் உன்னைத் திட்டுவாங்கன்னு..."

கோராவுக்குக் கோபம் தொண்டை வரை வந்திருந்தது. 'உன்னை யாருடா வரச் சொன்னது' என்று சொல்லத்தான் நினைத்தாள். அவன் முக்காலியிலிருந்து இறங்கி, கட்டில் இருக்கும் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பிரிக்காத அந்தப் பை அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்த சொல்லை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"சேறுன்னாலும் சக்கரை போட்ட சேறுதானே" என்றாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு. "வேக வச்சுப் பாப்போம்."

சைலஸ் ஓடிப்போய்த் தன் கோப்பைப் பழத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "இதை மேல போட்டுக்க."

"நாளைக்கு உனக்கு வேணாமா?"

"வேணாம். நெறையத் தின்னுட்டேன்."

அதைத் தூவி, அதன்மேல் ஒரு கை சர்க்கரையும் தூவி, கோரா ஓவனுக்குள் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் வீடெல்லாம் மணத்தது. வெளியே எடுத்தபோது மேலே மொறுமொறுவென்று சர்க்கரை ஓடு. ஓட்டுக்குக் கீழே அதே சாம்பல் நிறம். பொன்னிறத்தைக் காணவே காணோம்.

பாத்திரம் ஆறியதும் புது டேப் ஒட்டினாள். 'கோரா' என்று மட்டும் எழுதினாள். திட்டு வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சைலஸ் பக்கத்தில் நின்று அதைப் படித்துவிட்டு, ஷூ மாட்டப் போனான்.

ஹாலில் நீள மேஜைமேல் பதினைந்து காப்ளர்கள். பதினாலு பொன்னிறம், ஒன்று சாம்பல். பக்கத்துப் பண்ணைக்காரரின் மனைவி திருமதி ஹாஸ்கெல் கரண்டியோடு வந்து அந்தச் சாம்பல் முன்னால் நின்றார்.

"என்ன கோரா, இது காப்ளரா, இல்ல மழை பெஞ்ச எங்க வீட்டு ரோடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோராவின் காது சூடானது.

"நான்தான் தெரியாம கிளறிட்டேன்" என்றாள்.

இரண்டு ஆள் தள்ளி நின்ற சைலஸ் நிமிர்ந்து பார்த்தான்.

சைலஸின் அப்பா எவரெட் ஒரு பெரிய துண்டை எடுத்து, நின்றபடியே தின்றார். மறுபடி தட்டை நீட்டினார். மூன்றாவது முறையும் நீட்டினார்.

"ரோடு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "இன்னும் ரெண்டு மைல் போகலாம்."

இந்த முறை கோராவும் சிரித்துவிட்டாள். திருமதி ஹாஸ்கெல் சந்தேகத்தோடு ஒரு வாய் தின்றுவிட்டு, "மேல மொறுமொறுன்னு என்ன போட்ட?" என்று கேட்டார். மேஜையில் ஆறு காப்ளர் மீதமிருக்கும்போதே சாம்பல் பாத்திரம் காலியாகிவிட்டது.

விருந்து முடிந்து கோரா ஹாலின் சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவினாள். சைலஸ் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"உன்னைக் கிண்டல் பண்ணுவாங்கல்ல. அதான்."

"பண்ணட்டுமே." அவன் துணியை முறுக்கினான். "நானும்தானே செஞ்சேன். பழம் உருட்டினேன். என் கோப்பையக் குடுத்தேன்."

கோரா திகைத்துப் போனாள். அவனைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவள் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.

சைலஸ் துணியோடு மூலையில் இருந்த அலமாரிப் பக்கம் போனான். கேட்பாரில்லாத பாத்திரங்கள் அங்கே தூசி படிந்து கிடந்தன. நடுவில் அந்த மஞ்சள் கிண்ணம். அவன் அதைத் திருப்பி அடியைப் பார்த்தான். ஒன்றுமில்லை. துடைத்து, இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தான்.

கோரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏப்ரல் மாதம் அவன் வாயைத் திறந்து மூடியது இப்போது அவள் நினைவுக்கு வந்தது.

சுடுதண்ணீரில் ஊறி 'கோரா' டேப் கழன்று தொட்டியில் மிதந்தது. அவள் அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். பாத்திரத்தை நன்றாகத் துடைத்துக் கவிழ்த்தாள். இழுப்பறையிலிருந்து டேப் சுருளை எடுத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளமாகக் கிழித்து ஒட்டினாள். மார்க்கரின் மூடியைத் திறந்தாள்.

'லோர்னா' என்று எழுதினாள். பக்கத்தில் 'எவரெட்', பிறகு 'கோரா'. அதற்குமேல் எழுதவில்லை. டேப்பில் இன்னும் நிறைய இடமிருந்தது. மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவனாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

சைலஸ் மெல்ல வந்து முழங்கையை மேஜைமேல் ஊன்றினான். டேப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். இந்த முறை மூடவில்லை.

"என் பேரையும் எழுது கோரா" என்றான். "நான் எங்க போனாலும், திருப்பிப் பாத்தா எந்த வீடுன்னு தெரியணும்."