தானாக விழுந்த கொம்பு

தூசி தட்டும்போது கொம்பு சூடாக இருந்தது.

தனுஷியா துணியை வைத்துவிட்டு வெறுங்கையால் மறுபடி தொட்டாள். மாசி மாலை, வாவிக் காற்று யன்னலால் புகுந்து சேற்று மணத்தையும் எங்கோ காயும் கருவாட்டின் மணத்தையும் வனவுயிர் நேயர் மன்றத்தின் அறையெங்கும் பரப்பிக்கொண்டிருக்க, தலைவரின் கதிரைக்கு மேலே தேக்குப் பலகையில் பொருத்தியிருந்த புள்ளிமான் கொம்புகள் இரண்டும், அவர் கொழுவி வைத்திருந்த பதினொரு பொன்னாடைகளுக்குள்ளே, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியாய்க் கொதித்தன. கொம்பைப் போர்த்தி, போன கிழமை சுருங்கிக் கிடந்த மயிர்த்தோல் இன்று முயல்காது போல மெத்தென்றிருந்தது. ஒரு விரல் நீளம் கூடியும் இருந்தது.

வாசலில் நின்ற சாரதியைக் கூப்பிட்டாள்.

"மஜீட் நானா, இதை ஒருக்காத் தொட்டுப் பாருங்க."

"நான் தொட மாட்டன் தங்கச்சி. வவுணதீவுப் பக்கம் வண்டியில ஏத்தக்குள்ளயும் சூடாத்தான் இருந்திச்சு." அவன் செருப்பைத் தேடினான். "பொன்னாடையை இழுத்துப் போத்தி விடுங்க. குளிராம இருக்கட்டும்."

சிரித்துவிட்டுப் போனான். வேகமாகத்தான் போனான்.

தலைவர் உதயரூபன் வந்து கதிரையில் உட்கார்ந்தார். மன்றத்தின் கடிதத்தாளில் பாதிப் பக்கம் அவருடைய பட்டங்கள். வனக் காவலர், சமூகச் சுடர், மான்நேயச் செம்மல். மிச்சப் பாதியில்தான் கடிதம் எழுத வேண்டும். இன்றைய கடிதத்துக்கு அது போதுமாயிருந்தது: 'மேற்படி கொம்புகள் காட்டில் தானாக விழுந்து கிடந்ததை நான் நேரில் கண்டேன்.' கீழே தனுஷியாவின் பெயர்.

"கையெழுத்தை வையுங்க பிள்ள. காலையில கொம்பைச் சோதிக்க வனசீவராசித் திணைக்களத்து ஆக்கள் வாறாங்க."

"சேர், தானா விழுற கொம்பு காய்ஞ்சு எலும்பாகித்தான் விழும். தோல் போத்தின கொம்பு வளருற கொம்பு. உயிரோட நிண்ட மானை..."

"ஆர் சொன்னது?"

"நீங்கதான். செங்கலடிப் பள்ளிக்கூடத்துப் பேச்சில. நான்தானே டைப் பண்ணினன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டைக்குக் கொம்பு முளைக்காதெண்டும் அதிலதான் சொன்னன். கையெழுத்து வைக்காட்டி நாளைக்கு வேலைக்கு வரத் தேவல்ல."

வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. "வைக்க மாட்டன் சேர்."

"உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவருக்குப் பின்னால் ஒரு பொன்னாடை நழுவி விழுந்தது. அவர் திரும்பவில்லை. இன்னொன்று. எங்கேயோ ஒரு துடிப்பு, ஈர மண்ணுக்குள் யாரோ குதிகாலால் மிதிப்பது போல மெதுவாக, விடாமல், அறைக்குள்ளா காதுக்குள்ளா என்று பிரித்தறிய முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சை இரத்த வாடை. மூன்றாவது பொன்னாடை. நான்காவது.

எல்லாம் விழுந்தன.

பலகை வெறுமையாயிருந்தது. இரண்டு துளைகள். இரண்டும் கசிந்தன.

அவள் நெற்றிக்கு மேலே அரித்தது.

தொட்டாள். மயிர்த்தோல். சூடு. விரலுக்கடியில் நாடி. துடிப்பு அங்கேதான். பேனை கையில். ஒரு கையெழுத்து வைத்தால் இது நின்றுவிடும். எப்படியோ அவளுக்கு அது தெரிந்தது.

தோல் இழுபட்டது. கிளை பிரிந்தது.

வலித்தது.

அவள் பேனையை மூடி, கடிதத்தின் மேல், சமூகச் சுடருக்கும் மான்நேயச் செம்மலுக்கும் நடுவில் வைத்தாள்.

"ஓம் சேர். முளைச்சிருக்கு."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுகணம் கதிரையில் அவர் இல்லை. மேசைக்குக் கீழே, அவர் இழுத்துப் போர்த்திக்கொண்ட பதினொரு பொன்னாடைகளும் சேர்ந்து நடுங்கின.

தனுஷியா கைப்பையை எடுத்தாள். கதவால் வெளியேற அவள் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது.