பின்சுவரில் ஓர் ஒற்றையடிப்பாதை

பின்சுவரில் இருந்த அந்த ஒற்றையடிப்பாதையை ரூபன் வரையவில்லை. வினோலியா வரைந்திருப்பாள் என்று நினைத்தான். நன்றாகத்தான் இருந்தது. அதனால் ஒன்றும் கேட்காமல், பாதையோரம் நாலு கற்களை அவன் பங்குக்கு வரைந்து வைத்தான். பெண்டாட்டி வேலையில் குற்றம் கண்டுபிடித்தவன் அன்று ராத்திரி நிம்மதியாகச் சோறு தின்றதாகச் சேலம் அம்மாபேட்டையில் சரித்திரம் கிடையாது.

புதுச்சத்திரத்துக்கு வெளியே, கோழிப்பண்ணைகளைத் தாண்டி, புதிதாக வந்திருந்த சிறிய விலங்குக் காட்சியகம் அது. இரவில் நடமாடும் பிராணிகளுக்கென்று அதில் ஒரு நீண்ட இருட்டுக் கட்டடம். வெளியே பங்குனி வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்க, உள்ளே பகல் முழுவதும் ராத்திரி: மங்கலான சிவப்பு விளக்கு, எங்கோ சுற்றும் காற்றாடியின் முனகல், பெயிண்டும் மூத்திரமும் ஈரச் சிமெண்டும் கலந்து தொண்டையில் ஒட்டும் வாடை. பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் தேவாங்குகள் இருந்ததால் வெள்ளை விளக்குப் போடக் கூடாது. காலியாகக் கிடந்த கடைசிக் கூண்டில் கொல்லிமலைக் காட்டை வரைவது புருஷன் பெண்டாட்டி இருவரின் வேலை. லாரிகளுக்கு மயிலும் தாமரையும் போட்ட கை ரூபனுடையது. இலையும் கொடியும் வினோலியா. சுவரின் மூலைகளை வளைத்துப் பூசியிருந்தார்கள், காடு முடியாமல் போய்க்கொண்டே இருப்பதுபோல் தெரிவதற்காக.

"அந்த வழி நல்லா அமைஞ்சு போச்சுங்க," என்றாள் வினோலியா, பிரஷ்ஷைத் துடைத்தபடி. "அதான் ரெண்டு பக்கமும் நானு புல்லு போட்டு உட்டேன்."

ரூபனின் கை நின்றது. "நீ போட்ட வழிதான புள்ள அது?"

"நானெங்க போட்டேன்? உங்க வேலைன்னு நெனச்சேன்."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். கேட்காமல் கிடைத்த கொசுறைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் சேலத்துக் கடைவீதியில் இல்லை. ஆனாலும் கொடுத்தவன் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். பாதை தொலைவில் மரங்களுக்குள் தொடங்கி, வளைந்து வளைந்து இவர்களை நோக்கி வந்து, ரூபன் வைத்த கற்களோடு சட்டென்று நின்றிருந்தது.

"அழிச்சுப் போடலாம். வண்டியில பச்சை டின்னு கெடக்குது, எடுத்துட்டு வாரேன்," என்றான்.

"வெரசா வாங்க. தனியா உட்டுட்டு அந்தக் காவக்காரப் பெரியவருகிட்டக் கதை பேசிட்டு நிக்காதீங்க."

அவன் நிற்கவில்லை. போன வேகத்தில் திரும்பினான். உள்ளே அவள் இல்லை. அவளுடைய பிரஷ் தரையில் கிடந்தது. செருப்புகள் சுவரை ஒட்டி, விசேஷ வீட்டு வாசலில் கழற்றி விட்டதுபோல, ஜோடியாக இருந்தன.

கதவருகே காவலுக்கு இருந்த மாதையன் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, எங்கூட்டுப் புள்ள வெளிய வந்துச்சுங்களா?"

"வரலையே சாமி. நான் இங்கயேதான் உக்காந்திருக்கறேன். இருக்கறது ஒரே கதவு."

அப்போது உள்ளேயிருந்து கேட்டது. "ஏனுங்க."

சுவரிலிருந்து.

கட்டடத்தைச் சுற்றி ஓடினான். அந்தப் பக்கம் வெயில், வெடித்த களிமண், கொதிக்கும் வெறும் சுவர், அதில் முதுகு தேய்க்கும் ஒரு ஆடு. மறுபடி உள்ளே ஓடினான். சுவரில் காதை வைத்தான். உள்ளே சில்வண்டுகள் கத்தின.

"ஏனுங்க, வழி தெரியலீங்க. நீங்க வெச்ச கல்லு வரைக்கும் வந்துட்டேன். அதுக்கங்கிட்டு ஒண்ணுமே இல்லீங்க. கும்மிருட்டு."

"அங்கயே நில்லு. நவுராத வினோ."

"பின்னால ஏதோ வருதுங்க."

ரூபன் டின்னைக் கவிழ்த்தான். பிரஷ் போதவில்லை. இரண்டு கைகளாலும் அள்ளி, கற்களிலிருந்து கீழே, தரையைத் தொடும் விளிம்பு வரை பாதையை இழுத்தான். மாதாவிடம் பேரம் பேசினான். மெழுகுவர்த்தியில் தொடங்கினான். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றான். அவளுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள் என்றான். ஏற்றிக் கேட்கவோ குறைத்துக் கேட்கவோ எதிரில் யாரும் இல்லை.

"ஆருகிட்ட சாமி பேசறீங்க?" மாதையன் வாசலிலிருந்து கேட்டார். சுவரிலிருந்து வந்த குரல் அவருக்குக் கேட்கவில்லை.

நகம் பிய்ந்தது. வரைந்தான். பாதை தரையைத் தொட்டது.

சில்வண்டுகள் நின்றன.

காலடி. வெறுங்கால். சருகு நொறுங்கியது. கிட்டே. இன்னும் கிட்டே.

"வந்துட்டேனுங்க. கையக் குடுங்க."

நீட்டினான். ஈரப் பெயிண்ட்டைப் பிளந்துகொண்டு ஒரு கை வந்தது. பச்சை ஒட்டிய விரல்கள். அவன் போட்ட மோதிரம். சூடான கை. பற்றிக்கொண்டு அழுதான். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான்.

மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது.

இழுத்தான்.

அதற்குப் பின்னால், அதே கையில், இன்னொரு முழங்கை வந்தது.

"இன்னுங் கொஞ்சந்தானுங்க," என்றது வினோலியாவின் குரல். "உட்டுறாதீங்க."

அவன் விடவில்லை. மூன்றாவது முழங்கை வந்தது.