பக்கத்துல யாரு?

ஹெட்போனுக்குள் யாரோ இருமினார்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லைதான். ஆனால் சற்று முன்பு இருமியவன் அவன். அதே வறட்டு இருமல், முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்ளும் அந்தக் கொசுறு உட்பட, நாலைந்து மூச்சு கழித்து அவன் காதுக்கே திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். காலையிலிருந்து விடாத மழை. ஜன்னலை அடைத்துவிட்டு, பட்டறையாக ஆக்கிக்கொண்ட சின்ன அறையில், ஸ்பிரிட்டும் சூடுபட்ட பிளாஸ்டிக்கும் கலந்த வாடைக்கு நடுவே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அவன் தன் மனைவியின் போனை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வியாழக்கிழமையே வேறு ஊரிலுள்ள தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். மூன்று நாளாக அவள் எண்ணுக்கு அடித்தால் தொடர்பு கிடைக்கவில்லை. வருவாளா, அங்கே யாரோடு இருக்கிறாள், இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போனில் அவளைக் கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வியே அதுதான்: "பக்கத்துல யாரு?" காய்கறிக் கடையில் நின்றாலும் சரி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் சரி, அதற்குப் பதில் வராமல் அடுத்த பேச்சு கிடையாது.

ஹெட்போனில் அக்கா வீட்டுச் சத்தம் எதுவும் இல்லை. குழந்தைகள் இல்லை, டிவி இல்லை. மழை பெய்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'கிறீச்' என்றது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அவன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியும் 'கிறீச்' என்றது. அவன் வீட்டுக் குளியலறைக் குழாயும் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

மேசையை விரலால் தட்டிப் பார்த்தான். கொஞ்சம் கழித்து ஹெட்போனுக்குள் அதே தட்டல் கேட்டது.

சர்வீஸ் சென்டரில் இவனுக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். வாரண்டி கேட்டு வரும் போன்களைத் திறந்து பார்த்து, தண்ணீர் பட்டிருக்கிறதா, வெளியாள் கை வைத்திருக்கிறானா, ரூட் பண்ணியிருக்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது அவன் வேலை. ரூட் பண்ணுவது என்றால் வேறொன்றுமில்லை, கம்பெனிக்காரன் பூட்டி வைத்த உள்ளறைச் சாவியை நாமே எடுத்துக்கொள்வது. உள்ளே போய்விட்டால் போனை என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம், செய்ததை மறைக்கவும் சொல்லலாம். ஆனால் பூட்டைத் திறந்த தடயம் எங்காவது நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்து, கண்ணீரோடு நிற்கும் கல்லூரிப் பையனிடம் "வாரண்டி கிடையாது, கிளம்பு" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்வதில் இவனுக்கு ஒரு தனி சுகம். வலது கட்டைவிரலில் சால்டரிங் கம்பி சுட்ட பிறை வடிவத் தழும்பு ஒன்று உண்டு. அந்த விரலை ஆட்டி ஆட்டித்தான் சொல்வான்.

அப்படிப்பட்டவனுக்குத் தடயம் விடாமல் ரூட் பண்ணத் தெரியாதா? அவள் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போன சாயங்காலம், "டிஸ்ப்ளே மங்குது, விட்டுட்டுப் போ, பாத்து வைக்கிறேன்" என்று போனை வாங்கி வைத்தான். முதலில் உள்ளே இருந்த அத்தனையையும் பேக்கப் எடுத்தான். பிறகு பூட்டைத் திறந்தான். திறந்ததும் போன் தன்னை முழுக்கத் துடைத்துக்கொண்டது, அது தெரிந்த விஷயம்தான். உள்ளே புகுந்து, ஒட்டுக்கேட்கும் ஆப்பை யார் கண்ணிலும் படாத மூலையில் உட்கார வைத்தான். பேக்கப்பைத் திரும்ப இறக்கினான், பழையபடி பூட்டினான். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்தது. அவனே தன் மேசைக்கு வரும் போனாக நினைத்துச் சோதித்துப் பார்த்தான். ரிஜெக்ட் பண்ண ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இப்போது, தன் தட்டல் தன் காதிலேயே விழும்போது, என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "சே, மடையன்" என்று தன்னையே திட்டிக்கொண்டான். போன வருடம் ஜோடியாக வாங்கிய போன்கள் அவை. ஒரே மாடல், ஒரே நிறம். லேப்டாப்பில் அவன் போனின் பேக்கப்பும் இருந்தது. அவசரத்தில் அவளுடையதற்குப் பதிலாகத் தன்னுடைய அடையாளப் பகுதியை அவள் போனில் இறக்கித் தொலைத்திருக்கிறான். ஒவ்வொரு போனுக்கும் பிறவியிலேயே ஓர் அடையாள எண் உண்டு. அதைப் போய் நகல் எடுத்தால் அவள் போனும் தன்னை அவனுடையது என்றே நினைத்துக்கொள்ளும். அப்படி இரண்டு இருப்பதை நெட்வொர்க் ரொம்ப நாள் பொறுக்காது. ஒன்று உள்ளே வந்தால் மற்றதை வெளியே தள்ளிவிடும். ஆக, முதலில் தன் போனில் போட்டுச் சோதித்துப் பார்த்த அந்த ஆப் குழம்பிப்போய் அவளுடையதை விட்டுவிட்டு இவன் போனையே ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான் விஷயம். அவனுக்கு மூச்சு வந்தது.

தன் போனை எடுத்து அணைத்தான். திரை கறுத்தது.

ஹெட்போனில் மழை நிற்கவில்லை. மின்விசிறி நிற்கவில்லை. கொஞ்சம் கழித்து, போனை மேசையில் வைத்த 'டொக்' சத்தம் வந்து சேர்ந்தது.

உள்ளே எழுந்தது பயம்தான். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டான், அவனுக்கு அதுதான் பழக்கம். போனைத் திரும்ப உயிர்ப்பித்து அவளை நன்றாகக் கேட்டுவிடுவது என்று அக்காவின் எண்ணைத் தேடும்போதே அழைப்பு வந்தது. அதே எண். பேசியது அவள்.

"பக்கத்துல யாரு?" என்றான்.

"ஆரம்பிச்சாச்சா?" அவள் குரலில் களைப்புகூட இல்லை. "நான் ஒண்ணு சொல்லிட்டு வச்சிடறேன். கெளம்புறதுக்கு முன்னாடி போனை சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். உங்க கடையில இல்ல, இன்னொரு கடையில."

"எதுக்கு?"

"சும்மாவே சூடாகுது. ராத்திரி பகல்னு இல்லாம சார்ஜ் இறங்குது. ஏன்னு உங்களைக் கேட்டா நல்லாவா இருக்கும்? அங்க இருந்த பொண்ணு பாத்துட்டு, யாரும் கை வைக்கல, வாரண்டி அப்படியே இருக்குன்னு சொன்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா. பெட்டியில இருக்கற நம்பர் வேற, போனுக்குள்ள இருக்கற நம்பர் வேறயாம். கம்ப்யூட்டர்ல தட்டினா உங்க பேர் வருதாம்."

அவன் லேப்டாப்பில் பேக்கப் பட்டியலைத் திறந்தான்.

"உங்க போன் எனக்கெதுக்கு? உங்க வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். நானும் திரும்ப வரப் போறதில்ல."

"எங்கடி வச்ச?"

"தேடுங்க. தேடுறதுல நீங்கதான் கெட்டிக்காரர் ஆச்சே." வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. பிறகு அவள் குரல் மாறியது. "பக்கத்துல யாரு?"

"என்ன, கிண்டலா?"

"இல்லைங்க. நெஜமாத்தான் கேக்கறேன். உங்க மூச்சு கேக்குது. அதோட இன்னொரு மூச்சும் கேக்குது."

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"அந்த மூச்சு போன்கிட்ட வந்து கேக்குது," என்றாள் மெதுவாக. வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தான். கதவு, கதவில் மாட்டிய சட்டை, சுவரோரம் உதிரிபாக டப்பாக்கள். பயமுறுத்துகிறாள், வேறென்ன? போன் கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு அவளுக்கு.

கம்பியில்லாத ஹெட்போன் என்பதால் மாட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றலாம். போகும் வழியெல்லாம் எதையாவது தட்டினான். ஒளித்து வைத்த போனுக்குப் பக்கத்தில் போகப் போக ஹெட்போனில் தட்டல் பெரிதாகக் கேட்கும். இது தொழில்காரன் மூளை. சமையலறை அலமாரியைத் தட்டினான், மெல்லிசாகக் கேட்டது. கூடத்துச் சுவரைத் தட்டினான், கொஞ்சம் பெரிதானது. படுக்கையறைக் கதவைத் தட்டியபோது காதுக்குள் ஓங்கி அறைந்தது. அங்கேதான் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் இன்னொன்றைக் கவனிக்கத் தவறினான். சமையலறையில் தட்டியது வந்து சேர நாலு மூச்சு ஆனது. கூடத்தில் இரண்டு. இங்கே தட்டலும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன. நடுவில் சுவர் குறைந்ததற்கும் நேரம் குறைந்ததற்கும் சம்பந்தமே கிடையாது. கவனித்திருந்தால் அவனே அதைச் சொல்லியிருப்பான்.

பீரோ, மெத்தை, திரைச்சீலை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அவனுடைய தலையணையைத் தட்டினான். இடி விழுந்தது மாதிரி இருந்தது.

தலையணையின் ஒரு ஓரத்தில் தையல் புதிது. பிரித்ததே தெரியாதபடி, அதே நிற நூலில், அதே இடைவெளியில் தைத்திருந்தாள். மூன்று இரவு அதன்மேல்தான் தலை வைத்துத் தூங்கியிருக்கிறான்.

துணி கிழியும் சத்தம் கேட்டது.

அவன் இன்னும் கிழிக்கவில்லை. கை தையலின்மேல் இருந்தது. விரல்கள் அசையவில்லை. மழைதான், காது ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு இழுத்தான். கிழிந்தது. அதே சத்தம்.

பஞ்சுக்குள்ளிருந்து போனை எடுத்தான். ஜில்லென்று இருந்தது. பொத்தானை அழுத்தினான். திரை வரவில்லை. சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. எப்போது செத்ததோ.

செத்த போன் எதைக் கேட்கும்? ஹெட்போனில் மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்குள் மூச்சு. அவனுடைய மூச்சு, மேலும் கீழுமாக வாங்கியது. அதற்குச் சற்றுப் பின்னால், நிதானமாக, இன்னொன்று.

பட்டறைக்கு ஓடினான். சூடுகாட்டிப் பின்மூடியைப் பெயர்த்தான். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. பேட்டரி இணைப்பைப் பிடுங்கும் 'க்ளிக்' முதலில் காதில் விழுந்தது. பிறகுதான் பிடுங்கினான். பேட்டரி ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். மேசைமேல் வெறும் தகடுகள்.

சத்தம் நிற்கவில்லை. நாற்காலி விழுந்தது. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி விழவில்லை. இன்னும் விழவில்லை. சுவிட்ச் ஒன்று அணைந்தது. தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் ஒரு குரல் வந்தது. உடைந்த குரல், அழுகைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கும் குரல். அவனுடையது.

"பக்கத்துல யாரு?"

அதற்குப் பதில் வந்தது. காதோடு காதாக, அவசரமே இல்லாமல். அதுவும் அவன் குரல்.

"நான்தான்."

பிறகு எதுவோ இழுபட்டது. கனமாக, கூடத்தைத் தாண்டி, வெளிக்கதவு வரை. கதவு திறந்தது. எதுவோ மழைக்குள் விழுந்தது. கதவு மூடியது. தாழ்ப்பாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். அப்புறம் எண்களை அழுத்தும் சத்தம், மணி அடிக்கும் சத்தம், கணீரென்ற, களைப்பில்லாத அவன் குரல்: "கோவம் போச்சாம்மா? வா. நான் மாறிட்டேன்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

அமைதி. மழை. கிறீச். கிறீச்.

எழுந்தான். நாற்காலி விழுந்தது.

விளக்கு அணைந்தது. சுவிட்ச் கதவோரம் இருந்தது. அவன் மேசையோரம் நின்றான்.

தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கோடாக விழுந்தது. பின்கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. ஸ்பிரிட் வாடை. அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது. அடுத்தது அந்தக் கேள்வி. கேட்டால்தானே பதில் வரும்? கேட்காமல் இருந்துவிட்டால் போதும். இதுவரை பல்லாயிரம் தடவை கேட்டாயிற்று. இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவளும் தப்பித்துக்கொள்வாள்.

அவளைப் பற்றி இப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

கேள்வி தொண்டைக்கு ஏறி வந்தது. பல்லைக் கடித்தான். இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டான்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக, தையல் பிரிப்பதுபோல, வலிக்காமல் விலக்கியது. மஞ்சள் வெளிச்சத்தில் அதன் கட்டைவிரல் தெரிந்தது. அதில் ஒரு பிறை வடிவத் தழும்பு இருந்தது.