பின்பக்க லைட்டு

ஹாரனை அழுத்தியதும் ஆஸ்பத்திரி வேன் முனகியது. தெருக்கோடியில் படுத்திருக்கும் மாட்டையும் எழுப்பிவிடுகிற ஹாரன், தொண்டை கட்டியவன் கூப்பிடுவதுபோல இழுத்து இழுத்துப் பாதியில் நின்றுபோனது. டிரைவர் கண்ணையன் கையை எடுத்துக்கொண்டான். நேற்றுதான் முழு சார்ஜ் ஏற்றி மாட்டிய பேட்டரி. அதற்கப்புறம் வேன் ஷெட்டை விட்டு நகரவேயில்லை. பாழாய்ப்போன பேட்டரி, இருக்கிற நாளையெல்லாம் விட்டுவிட்டு இன்றைக்கா சாக வேண்டும்?

குவார்ட்டர்ஸில் அவன் மகள் கண்ணகி, ஆறு வயசுக் குழந்தை, தொண்டை அடைத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு வேன் சுரங்கத்தில் மண் சரிந்த இடத்துக்குப் போயிருந்தது. இருப்பது இது ஒன்றுதான்.

பேட்டரி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டுப் பலகைக்கு அடியில் இருந்தது. எலக்ட்ரீஷியன் குஞ்சிதபாதம் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, ரப்பர் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தான். சார்ஜ் இருந்தால் குழாய்க்குள் எழும்பி நிற்க வேண்டிய மிதவை ஒவ்வொரு முறையும் அடியில் போய் உட்கார்ந்தது.

"ஒரு செல்லு மட்டும் எறங்கியிருந்தா பேட்டரி கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம். இது எல்லாமே சமமா எறங்கியிருக்குது. பேட்டரி நல்லாத்தாண்ணே இருக்குது. ஏதோ ஒண்ணு குடிச்சிக்கினு இருக்குது."

சுவிட்சுகளையெல்லாம் அணைக்கச் சொன்னான். பேட்டரி டெர்மினலிலிருந்து கம்பியைக் கழற்றி, அதன் நுனியால் மறுபடியும் லேசாகத் தொட்டான். எதுவும் எரியாதபோது பொறி வரக் கூடாது. நீலமாக ஒரு பொறி தெறித்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கடைசி ஃபியூஸைப் பிடுங்கியதும்தான் பொறி நின்றது.

"பின்பக்க லைட்டு லைன். உள்ள கூரை லைட்டு எரிஞ்சிக்கினே இருந்திருக்குது."

"அதுல பல்பே இல்லியேப்பா," என்றான் கண்ணையன். "போன வாரமே கழட்டிட்டேன்."

ஏன் கழற்றினாய் என்று குஞ்சிதபாதம் கேட்கவில்லை. கூரைக்குப் போகிற ஒயரையே வெட்டி, நுனியில் டேப் சுற்றினான் குஞ்சிதபாதம். "இனிமே அந்தப் பக்கம் சொட்டு கரண்ட் போவாது. ஹேண்டில் போட்டு எடுத்துக்கினு போங்க. நடுவுல இஞ்சினை மட்டும் நிறுத்திடாதீங்க."

முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆனபோது இன்ஜின் பிடித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸ் வாசலில் பின்கதவைத் திறந்து, குழந்தையோடு ஏறிக்கொண்டாள் அவன் மனைவி மாணிக்கம்மாள். கண்ணையன் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகவே அவன் பின்பக்கம் பார்ப்பதில்லை.

வடலூர் பக்கம் ரோட்டைத் தண்ணீர் அறுத்துவிட்டிருந்தது. முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி என்று சுற்றித்தான் போக வேண்டும். விளக்கு வைக்கிற நேரம்தான், ஆனால் ஐப்பசி மழை நடுச்சாமம்போல இருட்டை இறக்கியிருந்தது. சுரங்கத்துப் பம்புகளின் ஓயாத இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து, கரி புகையும் வாடை கழிந்து, இருபுறமும் முந்திரித் தோப்புகள் நெருங்கி வந்தன. தகரக் கூரையில் மழை அடித்தது. அதற்கு நடுவே மகளின் மூச்சு, ஈரமாக, விசில் அடித்தபடி, வருவதும் நிற்பதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

போன வாரமும் இதே வழிதான். மண்சரிவில் இடுப்புவரை புதைந்துபோன அய்யனாரைக் கொண்டுபோனான். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன், கான்ட்ராக்ட் வேலை, சின்ன வயசு. உடம்பெல்லாம் களிமண். "அண்ணே, லைட்ட அணைச்சிடாதீங்க," என்று அவன் கெஞ்சிக்கொண்டே வந்தான். "அணைக்கலப்பா, நீ கண்ண மூடிக்கினு படு," என்று கண்ணையனும் சொன்னான். தோப்பு தாண்டுவதற்குள் ஹெட்லைட் சிவக்க ஆரம்பித்தது. பேட்டரி சோர்ந்தால் வேண்டாத விளக்கை அணைப்பது எந்த டிரைவரும் செய்கிற காரியம். பின்பக்க லைட்டை அணைத்தான். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு தடவை, "அண்ணே," என்று குரல் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. நெல்லிக்குப்பத்தில், கரும்பாலை வாடை முகத்தில் அடித்தபோது, லைட்டைப் போட்டுத் திரும்பிப் பார்த்தான். அய்யனார் எழுந்து உட்கார்ந்திருந்தான். களிமண் அப்பிய கை கூரை விளக்கை எட்டிப் பிடிக்க நீண்டிருந்தது. அப்படியே விறைத்துப்போயிருந்தான்.

இப்போது அந்தக் களிமண் வாடை அடித்தது. மழை வாடைதான், மண் நனைந்தால் வருகிற வாடைதான் என்று கண்ணையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டாஷ்போர்டில் ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இன்ஜின் ஓடும்போது அது வலப்பக்கம் இருக்க வேண்டும். டைனமோ கொடுப்பதைவிட அதிகமாக எதுவோ உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டை ஒரு கணம் அணைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. அப்படியானால் குடிப்பது ஹெட்லைட் இல்லை.

வெளிச்சம் மஞ்சளானது. சிவந்தது. இன்ஜின் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

கண்ணையன் சுவிட்சுகளையெல்லாம் அணைத்தான். கம்பியைக் கழற்றிப் பேட்டரிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் ஒரு தடவை ஹேண்டில் போடுகிற அளவுக்காவது உயிர் வரும். தடவித் தடவிச் சீட்டுப் பலகையைத் தூக்கினான். ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. கம்பியைக் கழற்றும்போது இருட்டில் கை தவறி, நுனி டெர்மினலில் பட்டது.

பொறி.

அந்த வெளிச்சத்தில், சீட்டுக்குப் பின்னால் இருந்த திறப்பு வழியாக மனைவி தெரிந்தாள். மடியில் கண்ணகி. மனைவிக்குப் பக்கத்தில், பெஞ்சில், ஈரமாக ஏதோ ஒன்று.

"மாணிக்கம்," என்றான். "புள்ள எப்புடி இருக்குது?"

"பாவம், தவிக்குதுங்க. ஏங்க, இவுரு யாருங்க? நான் ஏறும்போதே உக்காந்துக்கினு இருந்தாரு. உங்க ஆஸ்பத்திரி ஆளுன்னு நெனச்சிக்கினேன்."

ஓடிப்போய்ப் பின்கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கை கம்பியை விடவில்லை. பார்க்காமல் போகவும் பயமாக இருந்தது. கம்பியைத் தொட்டான்.

பொறி.

மாணிக்கம்மாளின் மடி காலியாக இருந்தது.

"கை வலிக்கும், குடுங்கன்னு வாங்கி வச்சிக்கினாருங்க," என்றாள் இருட்டில். "ரொம்ப சில்லுனு இருக்குது அவுரு கையி."

"புள்ளய வாங்கு. மாணிக்கம், புள்ளய வாங்கு."

மழை. தகரம். விசிலடிக்கும் மூச்சு ஒரு தடவை வந்தது. இன்னொரு தடவை வந்தது.

நின்றது.

"குடுக்க மாட்டேங்குறாருங்க," என்றாள்.

கண்ணையன் கம்பியைத் தேய்த்தான். பொறி வரவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. அழுதுகொண்டே தேய்த்தான். அப்போது பின்பக்கத்திலிருந்து குரல் கேட்டது. கண்ணகியின் குரல்தான். பிறந்த நாள் முதல் கேட்ட குரல். அடைப்பில்லாமல், தெளிவாக இருந்தது.

"அண்ணே, லைட்ட அணைச்சிடாதீங்க."

அழுத்தித் தேய்த்தான். கடைசியாகச் சிவப்பாய் ஒரு பொறி எழுந்தது. குழந்தை யார் மடியிலும் இல்லை. பெஞ்சில் தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் கொட்டவில்லை. பல்பு இல்லாத கூரை விளக்கை நோக்கி அவளுடைய சின்னக் கை நீண்டு விறைத்திருந்தது. விரலிலிருந்து முழங்கைவரை களிமண்.