நுனியிலிருந்து எடுக்க வேண்டும்

சீப்பு மாட்டியது நாத்தனாரின் தலையில். வலித்தது இவளுக்கு.

கையை நிறுத்தினாள். உச்சிக்குச் சற்றுப் பின்னால், இடது பக்கம், ஒரு கொத்து முடியை யாரோ பிடித்துச் சுண்டியது போல இருந்தது. தன் தலையைத் தடவிப் பார்த்தாள். கொண்டை கலையாமல் இருந்தது. கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து வைக்கப்பட்டிருந்த நாத்தனார், பக்கவாதம் வந்த நாளிலிருந்து பார்ப்பது போலவே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் சீப்பை அதே சிக்கில் வைத்து மறுபடி மெதுவாக இழுத்தாள். அதே இடத்தில் சுரீர் என்றது. தூக்கம் போதவில்லை, வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சனிக்கிழமை தலை அலசும் நாள். வெள்ளி மாலையே எண்ணெய் தேய்த்து ஊறவிட வேண்டும். மறுநாள் மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, தலைமாட்டில் பெரிய பேசின், இரண்டு வாளி வெதுவெதுப்பான தண்ணீர். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு மின்விசிறிக்கு முன்னால் பிரித்துப் பிரித்து உலர்த்த வேண்டும். கடைசியில் அகலப்பல் சீப்பு. சிக்கை எப்போதும் நுனியிலிருந்து எடுக்க வேண்டும். நாலு விரல் எடுத்த பிறகு இன்னும் நாலு விரல் மேலே. உச்சியில் ஆரம்பித்து இழுப்பவர்கள் முடியையும் கெடுப்பார்கள், உயிரையும் வாங்குவார்கள். மனுஷியைக் குளிப்பாட்ட இருபது நிமிடம். மயிருக்கு மூன்றரை மணி நேரம்.

மயிர் என்று சொன்னால் கணவனுக்குக் கோபம் வரும். கூந்தல் என்று சொல்ல வேண்டும். அவன் அக்காவான நாத்தனாருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்காரன் அந்தக் கூந்தலைப் படம்பிடித்து சீசாவில் ஒட்டினான். காலி சீசா இன்னும் அலமாரியில் இருக்கிறது. முகம் தெரியாது, முதுகும் முடியும் மட்டும்தான். அந்த வீட்டில் அக்காவை யாரும் முன்பக்கமிருந்து பார்த்ததே இல்லை என்று இவளுக்குச் சில நாள் தோன்றும்.

இவள் ஆறு மாதம் முன்புவரை ஒரு தையல் ஆலையில் துணி வெட்டுகிறவளாக இருந்தாள். நாற்பது மடிப்புத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுவாள். ஆலையில் எல்லோரும் அவளை 'இடக்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த அவளுடைய பெரிய கத்தரி இப்போது மேசை இழுப்பறைக்குள் துணி சுற்றிக் கிடந்தது. போன வாரம் மேஸ்திரி போன் செய்திருந்தார்.

"இடக்கை, அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமைக்குள்ள வந்துடும்மா. இல்லேன்னா வேற ஆளைப் போடச் சொல்றாங்க. நான் எவ்ளோ நாள் சாக்கு சொல்றது?"

அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் ஜடையைத் தூக்கி எடை பார்ப்பது போல் பார்த்துவிட்டு, "இதைக் கழுத்தளவுக்கு வெட்டிடுங்க, நாளைக்கே வரேன். இல்லேன்னா ஆளை விடுங்க" என்று போய்விட்டாள். அதற்கு முன் வந்த இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

"அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவங்க," என்றான் கணவன். "அந்த ஜடையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கவே கத்துக்கிட்டேன். அதைப் போய் வெட்டச் சொல்றியே."

"அப்ப நீங்களே அலசிச் சீவுங்க."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று சீப்பை வாங்கினான். உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

அவள் அலறிவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவன் விழித்தான்.

"நீ ஏன் கத்தறே? அக்காவுக்கே உணர்ச்சி இல்லைன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவனுக்குத் தன் வீட்டில் ஒன்றும் தெரிவதில்லை. ஒருநாள் அக்கா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தபோது இவள் தனியாளாகத் தூக்க முடியாமல் பதறி அவனுக்குப் போன் செய்தாள். அவன் கேட்ட முதல் கேள்வி, "முடிக்கு ஒண்ணும் ஆகலையே?" அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் இன்னும் நெஞ்சுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவன் இழுத்த வலி தணிந்த பிறகு அவள் அளவு நாடாவை எடுத்தாள். ஜடை நாற்பத்தொரு அங்குலம். அடுத்த சனிக்கிழமை அளந்தாள். நாற்பத்து நாலு. அதற்கடுத்த சனிக்கிழமை நாற்பத்தொன்பது. தவறாக அளந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவளால் முடியாது. இருபது வருடம் அளந்து பிழைத்தவள்.

சத்தமும் அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்தது. பட்டப்பகலில், தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிப் போன பிறகு, பக்கத்து வீட்டு வானொலியும் அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்தினால் கேட்கும். விரிப்பின் மேல் எதுவோ உரசி நகரும் சத்தம். சர... சர... நிற்கும். அவள் திரும்பிப் பார்த்தால் அக்கா அசையாமல் கிடப்பாள். எண்ணெயும் ஈரமும் கலந்த வாடை மட்டும் அறையில் முன்னைவிடக் கெட்டியாக இருக்கும்.

மதியம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கண்ணயர்வது அவள் வழக்கம். வியாழக்கிழமை விழித்தபோது ஜடை கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி அவள் இடது சுண்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. பிடுங்கி எறிந்தாள். விரல் மரத்திருந்தது. சாயங்காலம் வெந்நீரில் வைத்துப் பார்த்தாள்; சூடு தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மோதிர விரலும் போயிற்று.

இடது கை. கத்தரி பிடிக்கிற கை.

பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. யாருடைய முடிக்கு யாருடைய கை? சனிக்கிழமை அவன் கடைக்குப் போன பின், மதியச் சமையல் முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரியை எடுத்தாள். துணியைப் பிரித்தாள். நல்ல கத்தரி. இன்னும் எண்ணெய்ப் பளபளப்பு போகவில்லை. மரத்துப்போகாத விரல்களால் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

திரும்பியபோது அக்கா சுவரைப் பார்க்கவில்லை.

ஆறு மாதத்தில் முதன்முறையாக அந்தக் கண்கள் இவள் பக்கம் வந்திருந்தன. கத்தரியைப் பார்த்தன. இவள் முகத்தைப் பார்த்தன. மறுபடி கத்தரியை. அவை கெஞ்சுகின்றனவா, தடுக்கின்றனவா, இவளுக்குப் புரியவில்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"அப்படிப் பாக்காதீங்கக்கா," என்றாள். "உங்க மேல எனக்குக் கோபமில்ல. இந்த மயிர் மேலதான். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகணும். வந்தா மலை, போனா மயிர்."

கட்டிலில் ஏறி அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஜடையைப் பிடரியில் பிடித்தாள். உள்ளங்கைக்குள் அது சூடாக இருந்தது. கத்தரியின் வாயை வைத்தாள். அழுத்தினாள்.

தன் பிடரியில் நெருப்பு.

பல்லைக் கடித்தாள். வலிக்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. இன்னும் அழுத்தினாள். நாற்பது மடிப்புத் துணியைப் போல முரண்டு பிடித்தது. இன்னும். நறநறவென்று. இன்னும்.

அறுந்தது.

கத்தரி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். கை நீளவில்லை. கால் ஊன்றவில்லை. கட்டிலிலிருந்து சரிந்து, சுவரோடு முதுகு உரச, தரையில் உட்கார்ந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது.

தலை கனத்தது. தாங்க முடியாத கனம். சொந்த முடியின் கனம் அவளுக்குத் தெரியும், இது அதில்லை. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். அறுந்த ஜடை கட்டிலில் இல்லை; தன் தோளிலிருந்து அது இறங்கியது. கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு. மடியைத் தாண்டி, முழங்காலைத் தாண்டித் தரை முழுக்க. நாற்பத்தொன்பது அங்குலத்துக்கு மேல். அளக்கத் தேவையில்லை.

கட்டில் கிரீச்சிட்டது.

இரண்டு பாதங்கள் தரைக்கு வந்தன. இவளே தினமும் துடைத்துவிட்ட பாதங்கள். முடியை மிதிக்காமல், பார்த்துப் பார்த்து விலகி நின்றன. பிடரி தெரிய முடி குறைந்த தலையை அக்கா இரண்டு கையாலும் தடவிக்கொண்டாள்.

"அப்பாடா," என்றாள், துருப்பிடித்த குரலில். இவளைக் குனிந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசல் பூட்டு திறந்தது. சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். வாசற்படியில் நின்றவன், நிற்கிற அக்காவைப் பார்த்துப் பையைக் கீழே போட்டான். பிறகு அழுதான், சின்னப் பையன் மாதிரி. ஓடி வந்தான். நடுவில் நீட்டிக் கிடந்த மனைவியின் கால்களைத் தாண்டிக் குதித்தான்.

இங்கே பாருங்க. என்னைப் பாருங்க. கீழே பாருங்க.

அக்காதான் விரலை நீட்டிக் காட்டினாள். அவன் திரும்பினான். மண்டியிட்டான். தன்னைத் தூக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அவள் தலையிலிருந்து இறங்கித் தரையில் கிடந்த ஜடையை இரண்டு கையாலும் அள்ளி, ஒட்டிய தூசியை ஊதினான்.

"ஐயோ, தரையில புரண்டு... முடிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அக்கா சீப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நுனியிலேருந்து எடுடா," என்றாள். "வலிக்கும்."

"இவளுக்கு என்ன தெரியப் போகுது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சீப்பின் பற்களை அவள் உச்சியில் ஊன்றினான்.